தன்வினையும் பிறவினையும்

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள் மாலை தமிழக நலவாழ்வுத் துறையின் அறிக்கை வெளியாயிற்று. அன்று புதிதாகக் கண்டறியப்பட்ட கொரோனாத் தொற்றாளர் 57 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் டில்லி நிஜாமுத்தீனில் நடைபெற்ற தப்லீக் ஜமாஅத் கூட்டத்திற்குச் சென்று திரும்பியோர் என்று சொல்லப்பட்டது. மறுநாள் மாலை வந்த எண் 110. அந்த 110 பேருமே அக்கூட்டத்தோடு தொடர்புடையவர்கள். இவர்களிற் பலருக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. நல்ல உடம்போடு வீட்டில் இருந்தவர்கள்.

அவ்விரு மாலைகளிலும் அம்பத்தூரில் நம் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டிகளின் ஓசை மட்டுமே கேட்டது. அதற்கு முந்தைய வாரம் வரை ‘கொரோனா பரவியது’ என்று சொல்லி வந்த அறிவிப்பாளர்கள், அன்று முதல் ‘பரப்பினார்கள்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். பள்ளிப் பருவத்தில் தன்வினை, பிறவினை என்று இலக்கண ஆசிரியர் பிரித்துக் காட்டியது வாசக அன்பர்களுக்கு நினைவிருக்கும். திருந்தினான், திருத்தினான், வருந்தினான், வருத்தினான். பரவுதல் நோயின் செயல். பரப்புதல் மனிதன் கருதிச் செய்யும் செயல். அந்த ஒரு வினைச்சொல் மாறிய மாலையில், நோயுற்றவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். அக்காலத்துச் சொற்களைத் திறனாய்ந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்றே தோன்றியது. ஆறப் போட்டுப் பார்ப்பதே முறை என்று இத்தனை ஆண்டுகள் காத்திருந்தோம்.

முதலில், நோய்க்குறி இன்றி நோயைச் சுமப்பவருக்குத் தமிழில் நாம் இட்ட பெயரைப் பார்ப்போம். ‘நோய்க்கடத்தி’ என்று எழுதினார்கள். கடத்தல் என்றதும் நம் காதில் விழுவது கள்ளக்கடத்தல். சுங்கச் சாவடியில் மறைத்து எடுத்து வருபவனே கண்முன் தோன்றுகிறான். இலங்கைத் தமிழர் இதே பொருளில் ‘நோய்க்காவி’ என்பார்கள். காவுதல் என்றால் தோளிற் சுமத்தல். காவடி என்ற சொல்லிலும் இருப்பது அதுதான். சுமப்பவனுக்கும் கடத்துபவனுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. சுமப்பவன் மீது பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது. இங்கோ, தன் முதுகில் பாரம் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

அரசு அறிக்கைகள் வேறு வழி கண்டன. ஒரு சமயத்தாரின் பெயர் அடிபடுவதைத் தவிர்க்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், ஏப்ரல் முதல் வாரத்திலேயே டில்லிக் கூட்டம் என்பதை விடுத்து ‘சிங்கிள் சோர்ஸ்’ என்று சொல்லலானார்கள். நோய்க்கு மதச் சாயம் பூசாதீர்கள் என்று அரசு வேண்டிக்கொண்டதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஆயினும் திறனாய்வு நோக்கில் அச்சொல் இருமடங்கு குறையுடையது. பெயரை மறைத்துவிட்டு எண்ணை மட்டும் நாள்தோறும் தனியே எண்ணிக் காட்டினால், அந்த மறைப்பே சுட்டுவிரலாகிவிடும். தேநீர்க் கடையில் ‘சிங்கிள் சோர்ஸ் வருகிறார்’ என்று தொப்பி அணிந்தவரைப் பார்த்துச் சிரித்ததை நாம் கேட்டிருக்கிறோம். மற்றொன்று, அது உண்மையும் அன்று. மூலம் அவர்கள் அல்லர். நோய் அவர்களுக்கும் ஒருவரிடமிருந்தே வந்தது. நலமான ஒட்டகங்களிடையே சொறி பிடித்த ஒட்டகம் வந்து நோயை ஒட்டிவிடுகிறதே என்று கேட்ட கிராமவாசியிடம், அப்படியானால் முதல் ஒட்டகத்திற்கு ஒட்டவைத்தது யார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டதாக ஹதீஸ் நூல்கள் கூறும். அந்தக் கேள்வியை மார்க்க அறிஞர்கள் இறைநாட்டத்தோடு பொருத்தி விளக்குவார்கள். ‘ஒரே மூலம்’ என்று ஒருவரைக் காட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும் விரலையும் அது தட்டிவிடுவதாக நமக்குத் தோன்றுகிறது.

அந்த எண்கள் எவ்வாறு பிறந்தன என்பதையும் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்நாளில் வானூர்தி நிலையங்களிலும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வாயில்களிலும் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட வெப்பமானி, உடற்சூட்டை மட்டுமே அளக்கும். காய்ச்சல் இல்லாதவனிடம் கிருமி இருந்தாலும் அதற்குத் தெரியாது. இருக்கும் நோயாளிகளுள் எவரைத் தேடுகிறோமோ அவரைக் காணாத கருவியை வாயிலில் நிறுத்திவிட்டு, உள்ளே வந்தவர் அனைவரும் நலமானவர் என்று நாம் நம்பியிருந்தோம். வெளிநாட்டு விருந்தினர் பலரும் மார்ச்சு மாதத் தொடக்கத்தில் அவ்வாறுதான் நாட்டுக்குள் வந்தார்கள். பரிசோதனை விதிகளும் முதலில் நோய்க்குறி உடைய பயணிகளையே பெரிதும் கருதின. நோய்க்குறி இல்லாவிடினும் நெருங்கிய தொடர்பாளரைச் சோதிக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு திருத்தம் செய்தது மார்ச்சு 20இல். பத்து நாட்களில் டில்லி சென்றவர்களைத் தேடித் தேடிச் சோதித்தார்கள். தேடிய இடத்தில் கிடைத்தது. தேடாத இடத்தில் கிடைக்கவில்லை. 110க்கு 110 என்ற எண்ணில், நோய் எங்கே இருந்தது என்பதோடு நாம் எங்கே பார்த்தோம் என்பதும் கலந்திருந்தது. அதை எந்த அறிவிப்பாளரும் சொல்லவில்லை.

அதே மார்ச்சில், வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய பயணிகள் பூந்தமல்லிப் பொதுச் சுகாதார நிறுவனத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டு அங்கே தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களைப் பற்றிய குறிப்புகளில் ‘பயண வரலாறு உடையவர்’ என்று எழுதினார்கள். ஒருவருக்கு வரலாறு, மற்றொருவர் மூலம். இரண்டும் ஒரே கிருமிக்கு இடப்பட்ட பெயர்கள்.

இவ்விடத்தில் நம் ஏடுகளைவிடச் சட்டம் நிதானமாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அன்று நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 269, 270ஆம் பிரிவுகள் (இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 271, 272) தொற்றைப் பரப்பக்கூடிய செயலைக் குற்றமாக்குகின்றன. ஆனால் அச்செயல் தொற்றைப் பரப்பும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது அவ்வாறு நம்பக் காரணம் இருந்திருக்க வேண்டும். தெரிந்தானா என்பதே முதற் கேள்வி. அக்கேள்வியைக் கேட்ட நீதிமன்றங்கள் வேறு விடை கண்டன. 2020 ஆகஸ்டு 21இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை நீக்கியதோடு, பேரிடர்க் காலத்தில் அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தெரிகிறது என்ற கருத்தையும் பதிந்தது. அவர்களைத் தங்கவைத்த இந்தியர் 70 பேர் மீதான 16 வழக்குகளை டில்லி உயர் நீதிமன்றம் நீக்கியது 2025 ஜூலை 17இல். பழி ஒரே மாலையில் வந்தது. விடுதலை ஐந்து ஆண்டுகள் கழித்து, உட்பக்கத்தில் ஒரு சிறு செய்தியாக வந்தது.

இது இந்த நூற்றாண்டில் முளைத்த வழக்கமும் அன்று. அயர்லாந்திலிருந்து நியூயார்க் சென்று சமையற்காரியாக வாழ்ந்த மேரி மாலன் கதை பலரும் அறிந்தது. தன் உடம்பில் நோய் ஏதும் தோன்றாமலே டைஃபாய்டுக் கிருமியைச் சுமந்தவர் அவர். 1907இல் பிடித்துத் தீவு ஒன்றில் அடைத்தார்கள். இனிச் சமைப்பதில்லை என்ற உறுதிமொழியின் பேரில் 1910இல் விட்டார்கள். வேறு பிழைப்பு அவருக்குச் சரியாக அமையவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் அடுப்படிக்குச் சென்றார். 1915இல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் 25 பேர் நோயுற்றார்கள், இருவர் மாண்டார்கள். அதன்பின் 1938இல் சாகும் வரை அத்தீவே அவருக்கு வீடு. முதல் முறை அவர் அறியாதவர். இரண்டாம் முறை அவ்வாறு சொல்ல இயலாது. அவருக்காக இரங்கி எழுதும் நூலாசிரியர்கள் இந்த வேறுபாட்டை மெல்லக் கடந்துவிடுகிறார்கள் என்பது நம் குறை. ஆனால் அவரைப் போன்று கிருமி சுமந்த நலமானவர்கள் நியூயார்க்கில் நூற்றுக்கணக்கில் பின்னர்க் கண்டறியப்பட்டார்கள். அவர்களுள் எவரையும் வாழ்நாள் முழுதும் அடைக்கவில்லை. துணையற்ற, குடியேறிய, ஏழைப் பெண் ஒருத்தியின் பெயர் மட்டுமே வசைச்சொல்லாக நின்றது.

நம் சென்னையிலும் நடந்தது. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற டாக்டர் நிர்மலாவும் செய்த ஆய்வில், இந்நாட்டில் முதன்முறையாக எச்.ஐ.வி. கிருமி கண்டறியப்பட்டது. பாலியல் தொழிலில் தள்ளப்பட்டுக் காப்பில்லத்தில் இருந்த பெண்களின் இரத்தத்தில்தான் அது இருந்தது. அவர்களிடம் நோயின் சாயல் எதுவும் அப்போது இல்லை. பின்னர் இப்படிப்பட்ட பெண்களைக் கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்திற்காக வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்து, 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே அவர்களுக்குக் கதவு திறந்தது. அன்று அவர்களுக்காக நம் பத்திரிகைகளோ, மேடைகளோ பேசியதாக நமக்கு நினைவில்லை. 2020இல் நம் வாசலுக்கு வந்தபோதுதான் வலித்தது.

இனி நம் பக்கக் கணக்கையும் எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் பிறர் சொற்களை மட்டும் குறை காண்பது நேர்மையாகாது. அந்நாட்களில் செல்பேசியை அணைத்து வைத்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். மஸ்ஜிதுக்கு வருபவரை நோய் தீண்டாது என்று பேசிய நாவுகளும் இருந்தன. அச்சத்தால் மறைந்தவரை நாம் கடிந்துகொள்ள மாட்டோம். மார்க்கத்தின் பெயரால் அசட்டை செய்தவரைக் கடிந்துகொள்கிறோம். ஏனெனில், உடல்நலம் உடையவனுக்கும் தொற்றுநோய்க் காலத்தில் கடமை உண்டு என்பதை அண்ணலார் (ஸல்) அவர்களின் கட்டளையே முன்வைக்கிறது. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது தோன்றினால் அதற்கு அஞ்சி வெளியேறாதீர்கள் என்பது அக்கட்டளையின் கருத்து. இதில் வெளியேறாதே என்று சொல்லப்படுபவன் யார்? படுத்த படுக்கையாகக் கிடப்பவனுக்கு அந்தச் சொல் தேவையில்லை. அவனால் நடக்கவே முடியாது. எழுந்து நடக்க வல்ல, தனக்கு ஒன்றுமில்லை என்று நம்புகின்ற, நலமான மனிதனை நோக்கியே அது பேசுகிறது. கிருமியைக் கண்ணாடியில் கண்டிராத காலத்தில், நோய்க்குறி இல்லாதவனையும் நிறுத்தி வைத்த சொல் அது. அவனைப் பாவி என்று அது சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நில் என்றது, நீ கெட்டவன் என்று சொல்லவில்லை.

ஹிஜ்ரி 18 அளவில் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவிற்று. அங்கே சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்கு என்னும் இடத்தில் செய்தி அறிந்து, தோழர்களைக் கலந்து, திரும்ப முடிவு செய்தார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்டார்கள் படைத்தலைவர் அபூஉபைதா (ரலி) அவர்கள். ஒரு விதியிலிருந்து இறைவனின் மற்றொரு விதிக்கே போகிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். இந்நிகழ்ச்சியை நம் மேடைகளில் உமரின் மதியூகத்திற்குச் சான்றாகவே சொல்லி முடித்துவிடுகிறோம். மற்றப் பாதியைச் சொல்வதில்லை. அபூஉபைதா (ரலி) அவர்கள் தம் வீரர்களை விட்டு நீங்காமல் நோய் கண்ட நாட்டிலேயே இருந்து, அந்நோயிலேயே இறையடி சேர்ந்தார்கள். வெளியே இருந்தவர் உள்ளே போகவில்லை. உள்ளே இருந்தவர் வெளியே வரவில்லை. ஒருவரை ஒருவர் பழித்ததாக வரலாறு ஏதும் கூறவில்லை.

தெரியாத வரை குற்றமில்லை, தெரிந்த பின் கடமை உண்டு என்று இவ்வளவில் முடித்துவிடலாம் போலத் தோன்றும். அது போதாது. தெரிந்துகொள்ள முன்வருபவனுக்கு ஊர் என்ன கைம்மாறு செய்கிறது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. டில்லி சென்று வந்தவர்கள் தாமாகவே முன்வர வேண்டும் என்று நலவாழ்வுத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் கேட்டுக்கொண்டதும், நூற்றுக்கணக்கானோர் வரிசையில் வந்து நின்றார்கள். அவர்கள் வீட்டுக் கதவுகளில் ஒட்டுத்தாள்கள் ஏறின. கதவில் ஒட்டுவது தகாது, உரிய அதிகாரியின் ஆணை இருந்தாலன்றி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது டிசம்பரில்தான். மே மாதம் கோயம்பேடு சந்தையில் தொற்றுப் பெருகியது. சந்தையை மூடிப் பூந்தமல்லிக்கு அப்பால் திருமழிசைக்கு மாற்றினார்கள். மூட்டை சுமந்து பிழைத்தவர்கள் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் அரியலூருக்கும் திரும்பியபோது, முன்பு ‘டில்லி’ என்று ஒலித்த குரலிலேயே இப்போது ‘கோயம்பேடு’ என்று ஒலித்தது. அவர்களிற் பலருக்கும் நோய்க்குறி இல்லை. சமயம் எதுவாயினும் சொல் ஒன்றுதான் என்று அப்போது நமக்குப் புரிந்தது. அதற்கும் முன்னால், ஏப்ரலில், நெல்லூரைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் சென்னையில் இறந்தபோது, அவர் உடலை நம் அம்பத்தூர் மயானத்தில் எரிக்கவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். உயிரோடு இருந்தபோது நோயாளிகளைத் தொட்ட கை அது. இறுதிச் சடங்கைத் தடுப்பது குற்றம் என்று அம்மாத இறுதிக்குள் அரசு அவசரச் சட்டம் இயற்ற நேர்ந்தது. இப்படிப்பட்ட ஊரில், நலமாக இருக்கும் ஒருவன் தன்னைச் சோதித்துக்கொள்ள ஏன் முன்வர வேண்டும்? கடமையைச் செய்யச் சொல்லும் ஊர், அதைச் செய்யும் வழியை அடைத்து வைத்திருந்தது.

வேறு விதமாகவும் நடக்க முடியும் என்பதற்கு நம் கண்முன்னே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் யானைக்கால் நோய்க்கு இரவில் இரத்தம் எடுக்க வருவார்கள். அக்கிருமியின் குஞ்சுகள் பகலில் உள்ளுறுப்புகளில் தங்கி, இரவிலேயே தோலையொட்டிய இரத்தத்தில் உலவுகின்றன, அதனால்தான் இரவு. வியப்பு யாதெனில், கால் வீங்கிப்போனவரிடம் பெரும்பாலும் இரத்தத்தில் கிருமி இராது. எந்தக் குறையும் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவரிடமே இருக்கும். கொசு அவரிடமிருந்தே எடுத்துச் செல்கிறது. நாம் விலகி அமர்ந்தது வீங்கிய காலைக் கண்டு; தோள்மேல் கைபோட்டுப் பேசியது சுமந்தவரோடு. இங்கே யாரையும் பரப்பியவர் என்று எவரும் எழுதவில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்தார்கள். பின்னாளில் ஆண்டுக்கொரு முறை வீடு வீடாக வந்து, நோய் உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல், தகுதியுடைய அனைவர் கையிலும் மாத்திரையை வைத்தார்கள். எல்லாரும் சுமப்பவராயிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டதால், ஒருவர் பெயரும் கெடவில்லை. இதைச் செய்த துறையும் அதே நலவாழ்வுத் துறைதான்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. இதை எழுதத் தூண்டியவரே அவர்தாம். 2020 மார்ச்சில் டில்லியிலிருந்து திரும்பியவர், அன்றிரவு ஆவடியில் தம் அக்கா வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் வீடு வந்தார். அரசின் அழைப்பைக் கேட்டதும் தாமே சென்று பெயர் கொடுத்தார். தொற்று உறுதி என்றார்கள். மருத்துவமனையில் இருந்த நாட்கள் முழுவதும் அவருக்குத் தலைவலி கூட வரவில்லை. அக்காவுக்கும் தொற்றுக் கண்டது. அந்த அம்மையார் தேறி வீடு திரும்பினார்கள். ஆனால் பழைய தெம்பு வரவில்லை. ஆனி மாதத்தில் ஒரு விடியற்காலை மூச்சுத் திணறி மௌத்தானார்கள். நெஞ்சு நோய் முன்பே இருந்தது. வீட்டுப் பேரன் வேலை நிமித்தம் நாள்தோறும் வெளியே போய் வந்துகொண்டிருந்தான். தம்பியிடமிருந்துதான் வந்ததா, பேரனிடமிருந்தா, இறப்பிற்கே அதுதான் காரணமா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியவில்லை.

பெரியவர் நம் இமாம் அவர்களிடம் சென்று, தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவனுக்கு விதிக்கப்பட்ட கஃப்பாரா தமக்கு உண்டா என்று கேட்டார். அடிமையை விடுவிப்பது இக்காலத்தில் இல்லையாதலால், தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டுமா என்பதே அவர் கேள்வி. இமாம் நூல்களைப் புரட்டிப் பார்த்துத் தெளிவாகவே விடை சொன்னார்கள். காரணம் உறுதியாகாதபோது பொறுப்பு ஏறாது. ஐயத்தால் உறுதி நீங்காது. உம்மீது ஒன்றும் இல்லை என்றார்கள். பெரியவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். ‘அவர்கள் சொன்னது சட்டம், தம்பி. அக்கா அன்றிரவு தம் தட்டிலிருந்து எனக்குச் சோறு எடுத்து வைத்தார்கள்’ என்று நம்மிடம் சொன்னார்.

முஹர்ரம் முதற்பிறையில் தொடங்கி ஸஃபர் முடிய அவர் ஒரு நாளும் விடாமல் நோன்பு நோற்றார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. கடைசி நோன்பு அன்று மாலை, அவர் வீட்டிலிருந்து ஒரு தூக்கில் கஞ்சி வந்தது. அவர் நோய் நீங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. அதை வாங்கி உள்ளே வைக்கப்போன நம் வீட்டுக் கை வாசலிலேயே சற்று நின்றதை, தெருவில் நின்ற அவரும் பார்த்தார், நாமும் பார்த்தோம்.